மீனுக்கு பயந்து லைஃப் ஜாக்கெட்டை கழட்டாதீங்க

"ஆரஞ்சு கலர்ல ஜாக்கெட் போட்டா மீன் ஓடிரும் மக்கா." பூதப்பாண்டி பக்கம் குளத்துல லாரி ட்யூப்ல மிதந்து தூண்டில் போடுறவங்ககிட்ட ஜாக்கெட் எங்கன்னு கேட்டா இப்படித்தான் சொல்வாங்க. இது தப்புன்னு நாம பரீட்சைக்கு மட்டும் படிச்சு மறந்த ஸ்னெல் விதியே சொல்லிரும்.

தண்ணிக்குள்ள இருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுசும் தலைக்கு மேல ஒரு வட்ட ஜன்னலுக்குள்ள அடங்கிரும். அந்த ஜன்னலோட அகலம் சுமார் 97 டிகிரி. நீர்மட்டத்தை ஒட்டி இருக்கிற பொருள் எல்லாம் அதோட விளிம்புல நசுங்கி, மங்கலாத்தான் தெரியும். ட்யூப்ல உக்காந்திருந்தா உங்க நெஞ்சு தண்ணிக்கு மேல 2 அடி இருக்கும். 20 அடி தள்ளி இருக்கிற மீனுக்கு அது வெறும் 6 டிகிரி உயரம். அதுவும் தண்ணி அசையாம, தெளிவா இருந்தாத்தான். நம்ம குளத்துத் தண்ணி என்னைக்கு அப்படி இருந்துச்சு? உண்மையில மீன் கண்ணுல நல்லா படுறது கரையில நிமிர்ந்து நிக்கிற உங்க ஃப்ரெண்டுதான்.

உங்களைக் காட்டிக்கொடுக்கிறது தண்ணிக்குள்ள தொங்குற ரெண்டு கால். மீனோட உடம்பு நெடுக, பக்கவாட்டுல ஒரு உணர்வுக்கோடு ஓடுது. பக்கத்துல தண்ணி லேசா அசைஞ்சாலும் அதுக்கு தெரிஞ்சிரும். அதனால காலை உதைக்காம மெதுவா தள்ளுங்க, காத்து தள்ளுற பக்கமா மிதங்க, போய் சேர்ந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருங்க. வரால் மூச்சு வாங்க எப்படியும் மேல வந்தாகணும், இருக்கிற இடத்தை அதுவே காட்டும்.

பேசலாமா? தாராளமா. காத்துல வர்ற சத்தத்துல ஆயிரத்துல ஒரு பங்கு சக்திதான் தண்ணிக்குள்ள இறங்கும். ஆனா படித்துறையில தொம்முன்னு குதிக்காதீங்க. கெண்டை வகை மீன்களுக்கு காத்துப்பையையும் காதையும் இணைக்கிற குட்டி எலும்புகள் உண்டு, காது ரொம்ப கூர்மை.

இவ்வளவுல ஜாக்கெட்டுக்கு எங்க பங்கு இருக்கு? பழைய ட்யூப் வால்வு எப்ப காத்தை விடும்னு யாருக்கும் தெரியாது. தாமரைக்கொடி கால்ல சுத்திக்கிட்டா நல்லா நீந்தத் தெரிஞ்சவனும் திணறுவான். "எனக்கு நீச்சல் தெரியும்லே" அங்க செல்லாது. அப்பவும் மனசு கேக்கலைன்னா பச்சை கலர்ல ஒண்ணு வாங்கிப் போடுங்க.

இறங்குறதுக்கு முன்னாடி குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. அவர் கண்ணுல இருந்து தப்பிக்க ஸ்னெல் விதி உதவாது.