பல்கலைக்கழகத்தின் பற்றாக்குறையை யார் கட்டுகிறார்கள்?

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. கேட்ட வரி 424 கோடி ரூபாய். 1857இல் தொடங்கப்பட்ட ஓர் அரசுப் பல்கலைக்கழகம் சம்பளமும் ஓய்வூதியமும் போடத் திணறியது. நிர்வாகக் கோளாறு என்று பலரும் அந்தச் செய்தியைக் கடந்துபோனார்கள். வரி கேட்டதற்குப் பின்னால் இருக்கும் விதியைப் பார்த்தால் கதை வேறு.

அரசு ‘கணிசமாக’ நிதி தரும் கல்வி நிறுவனத்துக்கு வருமான வரி கிடையாது. கணிசம் என்றால், ஓராண்டின் மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த மானியம் அந்தப் பாதிக்குக் கீழே போனது. உடனே வரித்துறையின் கண்ணுக்கு அது அரசுப் பல்கலைக்கழகமாகத் தெரியவில்லை. மானியத்தைக் குறைத்தது மாநில அரசு. குறைந்ததற்குத் தண்டம் கேட்டது ஒன்றிய அரசு. இதற்குள் இன்னொரு பொறியும் உண்டு. பள்ளத்தை மூடக் கட்டணத்தை உயர்த்தினால், மொத்த வரவில் மானியத்தின் பங்கு மேலும் சரியும்.

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்டு நிதிநிலை அறிக்கை எப்படித் தயாராகிறது என்று மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. துறைகள் அடுத்த ஆண்டுத் தேவையை எழுதி அனுப்பும். நிதிக்குழு அதை வெட்டிச் சுருக்கும். அரசின் நிதித்துறைக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு. பிறகு சிண்டிகேட், கடைசியில் செனட். செனட்டுக்கு வரும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும்.

வரவுப் பக்கத்தில் மாநில அரசின் தொகுப்பு மானியம், இணைப்புக் கல்லூரிகள் கட்டும் தொகை, தேர்வுக் கட்டணம், தொலைதூரக் கல்வி ஆகியவை இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பல ஆண்டுகள் தாங்கியதில் 1981இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்விக்குப் பெரும் பங்கு உண்டு. கல்லூரிக்கு வர வழியில்லாமல், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படித்தவர்களின் பணம் மெரினா எதிரே இருக்கும் செந்நிறக் கட்டடங்களை நடத்தியது. பல்கலைக்கழகங்கள் தம் எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று யுஜிசி கட்டுப்படுத்தியதும் அந்த ஊற்று வற்றத் தொடங்கியது. கல்லூரிகள் தன்னாட்சி பெறப் பெற, தேர்வுக் கட்டண வரவும் குறைந்தது.

செலவில் பெரும்பகுதி சம்பளமும் ஓய்வூதியமும். ஓய்வூதியத்தைப் பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து தர வேண்டியிருக்கிறது. ஓய்வு பெறுவோர் ஆண்டுதோறும் கூடுவார்கள். மானியமோ தணிக்கைத் தடைகளைக் காரணம் காட்டிக் குறைக்கப்படும்.

சம்பளத்தில் கைவைக்க முடியாது, ஓய்வூதியத்தை நிறுத்தினால் வழக்கு வரும். பிறகு வெட்டு எங்கே விழும்? காலிப் பணியிடத்தில்தான். நிரந்தரப் பேராசிரியர் என்றால் 200 புள்ளி இனச்சுழற்சி வரும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடம் தந்தாக வேண்டும். கௌரவ விரிவுரையாளர் என்றால் தொகுப்பூதியம், கேள்வி கேட்டால் அடுத்த ஆண்டு வேலை இருக்காது. இடஒதுக்கீட்டை ஒழிக்க யாரும் சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை; ‘நிதியில்லை’ என்று பணியிடத்தைக் காலியாக வைத்தால் போதும். துப்புரவுப் பணி ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும். அங்கே எந்த இனச்சுழற்சியும் இல்லாமலே எந்தச் சாதியினர் வேலைக்கு வருவார்கள் என்று நமக்குத் தெரியும்.

1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியம் குறித்துப் பேசிய அம்பேத்கர் இதே வரவு செலவுக் கணக்கைத்தான் கையில் எடுத்தார். கலைக் கல்லூரிகளின் செலவில் சுமார் 36 விழுக்காடு மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறது என்று காட்டி, இது கல்வியை வணிகமாக்குவது என்றார். ஒடுக்கப்பட்ட சமூகங்கள் அப்போதுதான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வரத் தொடங்குகின்றன. ஆகவே அவர்களுக்கு உயர்கல்வியை முடிந்தவரை மலிவாக்குவதே அரசின் கொள்கையாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். யார் எப்போது வந்தார்கள் என்பதைச் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போட்டார். இன்று முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஆய்வுப் படிப்பு வரை வந்து நிற்கும்போது, ‘சொந்த வருவாயைப் பெருக்குங்கள்’ என்று பல்கலைக்கழகத்துக்கு அறிவுரை வருகிறது. சொந்த வருவாய் என்பது அந்தப் பிள்ளைகளின் பாக்கெட்தான். சுயநிதிப் பாடப்பிரிவுகளின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள்.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கீடே 2020 டிசம்பரில்தான் முடிவானது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் பெரும் சுமை மாநிலங்களின் தலையில் கிடந்தது. இப்போதும் கட்டணத்துக்குக் கெடு உண்டு, உதவித்தொகைக்குக் கெடு இல்லை. பல்கலைக்கழக ஏட்டில் அது வர வேண்டிய பாக்கி. மாணவருக்கு அது தேர்வு எழுத முடியுமா என்ற கேள்வி. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் இறந்தபோது, ஏழு மாத ஆய்வு உதவித்தொகையான 1,75,000 ரூபாய் தனக்கு வர வேண்டும் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார்.

ஓய்வூதியத்தை அரசு ஏற்க வேண்டும், மானியத்தைத் தணிக்கைத் தடையைச் சொல்லிப் பிடிக்கக் கூடாது, காலியிடங்களை நிரப்ப வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் இதைத்தான் கேட்கின்றன. ஆனால் அவர்கள் கேட்காத கேள்விகளும் உண்டு. 2024இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த நிதியில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு வந்தது? அது விடுதிக்குப் போனதா, கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப் போனதா? இனச்சுழற்சிப்படி நிரப்பப்படாத இடங்கள் எத்தனை, எந்தத் துறையில்? துப்புரவு ஒப்பந்தத்தின் தொகை என்ன, அதில் தொழிலாளியின் கைக்குப் போவது எவ்வளவு?

புதிய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. செனட் கூடும் முன்பே இந்தக் கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் அனுப்பலாம். கட்டணம் பத்து ரூபாய், பதில் தர 30 நாள்.