எழுதி மாட்டுங்கள் வாயிலிலே!

“மரியாதை தெரியாத பயல்!”

பொங்கலூர் வட்டாரத்து நூற்பாலைகளிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும், வடபுலத்திலிருந்து பிழைக்க வந்த தோழனுக்கு அடிக்கடி வழங்கப்படும் தீர்ப்பு இது. அவன் செய்த குற்றம்? மேஸ்திரியைப் பார்த்து, “நீ வா” என்றானாம்!

கொங்கு நாட்டிலே, ‘வாங்க’ என்பதிலுள்ள ‘ங்க’ இல்லையேல் சொல்லுக்கு மதிப்பில்லை. நாம் அறிவோம். அவன் அறிவானா? அவன் தமிழ் பயின்றது பள்ளியிலா, பாடநூலிலா? இல்லை! “வாடா, எடுடா, ஓடுடா” என்று அதே மேஸ்திரி போட்ட கூச்சலிலே! பெற்ற தமிழைத் திருப்பித் தந்தான், வசைமாரி பெற்றான். மாணவனைத் தண்டிக்குமுன் ஆசிரியர் யாரென்று கேட்கவேண்டாமா?

சின்னஞ்சிறு பிணக்கு, இதற்கொரு கட்டுரையா என்பர் சிலர். அவர்கள் 2023-ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்கட்டும். பீகார்த் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காட்சிகள் கைப்பேசிகளில் பறந்தன. மார்ச் 8 ஹோலிப் பண்டிகை. ஊருக்குக் கிளம்பியோரால் இரயில் நிலையங்கள் நிரம்பின. அந்தக் கூட்டத்தையே காட்டி, “தப்பி ஓடுகிறார்கள், பாரீர்!” என்றனர். பீகார் அரசின் அதிகாரிகள் திருப்பூருக்கே வந்து விசாரித்தனர். காட்சிகள் பொய்யெனக் காவல்துறை விளக்கிற்று. பொய் முளைத்தது எங்கோ! ஆனால் அது வேர்விட ஈரம் தந்தது எது? பக்கத்து இயந்திரத்துத் தோழன் எந்த நாளில் ஊர் செல்வான் என்பதைக்கூடக் கேட்டறியாத நமது அலட்சியமல்லவா?

தீபாவளிக்குப் போனஸ் தருகின்றனர்; ஆலை மூடுகின்றனர். அதன்பின் ஆறாம் நாள் பீகார் மக்களுக்குச் சத் விழா. அதற்காகத் தங்கியவனை, “போனசை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான்” என்கின்றனர். நமக்குத் தீபாவளியிலும் நம்பிக்கையில்லை, சத் விரதத்திலும் நம்பிக்கையில்லை. ஆனால் விடுப்பு நாளை முன்கூட்டிப் பேசி முடிக்க நம்பிக்கை வேண்டியதில்லை, நாட்காட்டி போதும்!

இவையெல்லாம் தெரியாமல் விளைந்தவை. தெரிந்தே பேசாது விடப்படுவதும் உண்டு. “ஷிப்டுக்கு இவ்வளவு கூலி” என்று சொல்லிச் சேர்ப்பார்கள். அங்கே ஒரு நாள் என்றால் ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் என்பதைச் சொல்லமாட்டார்கள். கேட்டால், “எல்லோருக்கும் தெரிந்ததுதானே!” என்பர். ஒரு ஷிப்ட் முடித்துக் கிளம்புபவனுக்குச் சோம்பேறிப் பட்டம்! மிகை நேர உழைப்புக்கு இரட்டைக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. ‘அரை ஷிப்ட்’ என்னும் வழக்கமோ, பாதிக் கூலியோடு கணக்கை முடித்துவிடுகிறது. எழுதிய சட்டத்தை எழுதாத வழக்கம் விழுங்குகிறது! அந்த மௌனத்தால் பயன் பெறுபவர் யார்?

எழுதாமல் காதோடு காதாக ஓதி, பிறர் கேட்கலாகாது என்று காத்தவற்றை ‘மறை’ என்றனர் அன்று. மறைத்தவன் உயர்ந்தான், கேட்டவன் குற்றவாளியானான். ஆலைக்குள் அதே ஏற்பாடு நுழைந்தால் அதையும் எதிர்ப்பதே பகுத்தறிவு.

பரிகாரம் புதியதல்ல. 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம், வேலை விதிகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் எழுதி, அவர்கள் நுழையும் வாயிலருகே மாட்டவேண்டும் என்றது. நாம் மேலும் ஒருபடி கேட்கிறோம். பெரும்பான்மையோர் மொழி மட்டும் போதுமா? பத்தே பேர் ஒடியா பேசினால், அந்தப் பத்துப் பேருக்காகவும் எழுதுங்கள்! நேரம், கூலி, விடுப்பு, குறையைக் கேட்பவர் யார் என்பன அதில் இருக்கட்டும். ஒடியனையும் வங்காளியையும் அசாமியனையும் ஒரே வாயில் ‘இந்திக்காரன்’ என்பதையும் விடுங்கள். மொழித் திணிப்பை எதிர்த்த நாமா, பிறன் மொழியை அழித்துப் பெயர் சூட்டுவது?

“வந்தவன்தானே கற்கவேண்டும்?” என்பர். கற்கட்டும், நன்று! ஆனால் ‘வாடா’வில் தொடங்காமல் ‘வாங்க’வில் தொடங்கிக் கற்பியுங்கள்.

நாமும் வந்தவர்களாக இருந்த இனமே, தோழர்களே! இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலேயா ரப்பர்த் தோட்டத்திலும் கங்காணியின் வாய்மொழியே சட்டமென வாழ்ந்தவர் நம் மக்கள். அந்தக் கங்காணியின் குரல் பொங்கலூரில் ஒலிக்கலாமா?

இளைஞர்களே! இந்தச் சனிக்கிழமை கூலி வாங்கியதும், பக்கத்து இயந்திரத்துத் தோழனோடு ஒரு குவளை தேநீர் அருந்துங்கள். “உனக்கு இங்கே சொல்லாமல் விட்டது என்ன?” என்று கேளுங்கள். அவன் சொல்வதை எழுதுங்கள். மறுநாளே நிர்வாகத்திடம் சென்று உரைத்திடுங்கள்: “மாட்டுங்கள் இதை, வாயிலிலே!”