நம் கையிலும் ஒரு கருவி

அரிவாள்மனை மழுங்கினால், "அண்ணன் வரட்டும்" எனக் காத்திருக்கிறோம். ஏன்? கைக்கடக்கமான மின்சுழல் கருவி ஒன்று இருந்தால் போதுமே! நிமிடத்திற்கு 30,000 சுற்றுவரை சுழலும் அதன் முனையில் சாணைக்கல்லைப் பொருத்தினால் அரிவாள்மனை கூராகும். வெட்டும் வட்டைப் பொருத்தினால், தலை தேய்ந்த திருகாணியில் புதுக் கீறலிட்டு எளிதில் கழற்றலாம். அழுத்தத் தேவையில்லை, வேகமே வேலை செய்யும். வேண்டுவது வலிமையன்று, பொறுமையே. அது நம்மிடம் இல்லையா? பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பின்னலை முடிந்து, துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டே தொடங்குவோம்.

தச்சரான சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராகப் போற்ற, மே 1-ஆம் நாளை 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் திருவிழாவாக்கினார். உழைப்பின் மேன்மை ஆண்களுக்கு மட்டுமா? பெற்றோரே, ஊசி பிடிக்கும் எங்கள் கைகளில் இக்கருவியையும் நம்பித் தாருங்கள்!