பொத்தானை அமுக்குவது யார்?

"பொத்தான அமுக்குறதுக்கு எதுக்குய்யா மேடை?" எலெக்ட்ரானிக் இசை பற்றிப் பேச்செடுத்தாலே இசை அபிமானிகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கை நரம்பில் படவேண்டும், வியர்வை சொட்ட வேண்டும், அப்போதுதான் அது கச்சேரி. மத்ததெல்லாம் டேப்பப் போட்டுட்டுத் தலையாட்டுறது என்பது இவர்கள் வாதம். எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் நிற்கிறது. ராட்சத எல்.இ.டி. திரை, லேசர், புகை, வாணவேடிக்கை எல்லாத்தையும் கொண்டாந்து எறக்கு, சனங்க தன்னால வாயப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க என்கிறது அது.

பார்த்தால் இரண்டும் எதிரெதிர்க் கட்சி மாதிரித் தெரியும். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கட்சிதான். மேடையில் ஒரு மேதை இருக்கணும், கீழே ஒரு கூட்டம் அண்ணாந்து பார்க்கணும், பார்ப்பதற்கு ஏதாவது காட்டணும் என்பதில் இருவருக்கும் தகராறே இல்லை. 'பார்வையாளர்' என்ற நம்முடைய சொல்லே இதைத்தான் சொல்கிறது. பார்க்கிறவர் மட்டும்தான் அதில் உண்டு, ஆடுகிறவருக்கு அதில் இடம் கிடையாது. ஆனால் இந்த இசை பிறந்த இடத்தில் யாரும் மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

1977இல் சிகாகோவின் சவுத் ஜெபர்சன் தெருவில் திறக்கப்பட்ட 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பைச் சொல்கிறேன். நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே இசைத்தட்டு சுழற்றினார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், லத்தீனோக்கள், தற்பாலின ஈர்ப்பு கொண்டவர்கள். வெள்ளைக்காரன் கிளப்பில் தோலுக்காகவும், சொந்தத் தெருவில் காதலுக்காகவும் ஒதுக்கப்பட்டவர்கள். நக்கிள்ஸ் சில இரவுகளில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ரயில் ஒன்று அறைக்குள் பாய்ந்து போவதுபோல் சத்தத்தை ஓட விடுவாராம். கும்மிருட்டு. பார்க்க ஒண்ணுமே கெடையாது. கூட்டம் அலறியிருக்கிறது. கண்ணுக்குக் காட்டுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் அத்தனை உடம்புகளைக் கட்டிப்போட்டது எது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அபிமானிகள் மேலே பேசட்டும்.

இந்த ஆட்டம் யாருக்கு உறுத்தியது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1979 ஜூலை 12ஆம் தேதி சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் 'டிஸ்கோ ஒழிப்பு இரவு' நடத்தினார்கள். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்று கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட்டு. வந்து குவிந்த தட்டுகளை மைதானத்தின் நடுவில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே பாய்ந்து ரகளை செய்ததில் அடுத்த ஆட்டமே ரத்தானது. அங்கே இருக்கை காட்டுகிற வேலையில் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பு இளைஞர் இருந்தார். கொண்டுவரப்பட்டவை டிஸ்கோ மட்டுமல்ல, கறுப்பர்கள் பாடிய எந்தத் தட்டாக இருந்தாலும் வந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'இயந்திர இசைக்கு ஆன்மா கெடையாது' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வெடிச்சத்தம்தான் கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே லாரன்ஸ் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து உருவாக்கி 1984இல் வெளியான 'ஆன் அண்ட் ஆன்' என்பதைத்தான் பலர் முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்கிறார்கள்.

எந்திரங்களின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980இல் டி.ஆர்.-808 என்ற தாள எந்திரத்தைக் கொண்டுவந்தது. நெச டிரம் மாதிரி இல்லையே என்று பலரும் முகம் சுளித்தார்கள். சுமார் 12,000 செய்ததோடு 1983இல் நிறுத்திவிட்டார்கள். தனியாக கிதார் வாசிப்பவருக்குத் துணையாக பாஸ் ஒலி தருவதற்கென்று வந்த டி.பி.-303ம் விலைபோகவில்லை. பழைய சாமான் கடைக்குப் போய்விட்ட இவற்றைச் சல்லிசாக வாங்கியவர்கள் சிகாகோ, டெட்ராய்ட் கறுப்புப் பிள்ளைகள். செய்தவன் நினைத்தே பார்க்காத வேலையை அதனிடம் வாங்கினார்கள். ஃபியூச்சர் என்ற குழு 303இன் திருகுகளை இஷ்டத்துக்குத் திருகி ஒரு கிறீச்சிடும் ஒலியைப் பிடித்தது. அந்த டேப்பை 'மியூசிக் பாக்ஸ்' கிளப்பில் இசைத்த ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல் தடவை போட்டபோது தளம் காலியாகிவிட்டது. அவர் விடவில்லை. அதே இரவில் திரும்பப் போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். நாலாவது தடவை கூட்டம் வெறிபிடித்து ஆடியது. 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று தட்டாக வந்தது அதுதான்.

தோழர்களே, இதில் யார் கலைஞர், யார் ரசிகர்? கூட்டம் 'வேண்டாம்' என்றது; ஹார்டி 'கேட்டுப் பாரு' என்றார். ஒரு ராத்திரி பூரா நடந்த பேச்சுவார்த்தை அது. முடிவு என்ன ஆகுமென்று இரண்டு தரப்புக்குமே தெரியாது. உயிருள்ள நிகழ்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். கூட்டம் மறுத்தால் அடுத்து வருவது மாறியாக வேண்டும்.

கையைப் பார்க்கணும் என்கிற ஆசையை நான் கேலி செய்யவில்லை. டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ் 2004இல் 'எக்ஸிபிஷனிஸ்ட்' என்று ஒரு ஒளிப்படம் வெளியிட்டார். மூன்று சுழல்மேடைகள், ஒரு 909 தாள எந்திரம், அவருடைய விரல்கள். அதை நான் எத்தனை முறை பார்த்தேனோ கணக்கில்லை. தட்டுகள் ஒரே வேகத்தில் ஓடாது. விட்டால் சில நொடிகளில் தாளம் நழுவிக் குதிரைக் குளம்படி மாதிரி முட்டிக்கொள்ளும். ஒன்றைத் தள்ளி, ஒன்றைப் பிடித்து, இடையில் 909இன் பதினாறு பொத்தான்களில் புதுத் தாளம் எழுதுகிறார். பொத்தான்தான் அமுக்குகிறார், ஆமாம். ஒரு அமுக்கு பிசகினால் ஆடுகிற அத்தனை காலும் தடுமாறும். அந்த ஆபத்து இருப்பதால்தான் நம் கண் அந்தக் கையை விட்டு அகல்வதில்லை.

பிரம்மாண்ட விழா மேடைகள் விரட்டியடிப்பது இந்த ஆபத்தைத்தான். வெளிச்சமும் வீடியோவும் வாணமும் இசையோடு நொடி பிசகாமல் பொருந்தவேண்டுமானால், எந்தப் பாட்டு எப்போது என்பதை முன்கூட்டியே பூட்டிவைக்க வேண்டியிருக்கிறது. பூட்டிய பிறகு கூட்டம் ஆடினாலும் ஒண்ணு, அழுதாலும் ஒண்ணு. பெரிய மேடைகளில் நாங்களெல்லாம் செய்வது 'பிளே' பொத்தானை அமுக்குவதுதான் என்ற பொருளில் கனடாவின் டெட்மௌஸ் 2012இல் தானே எழுதினார். அவர் நாணயமானவர் என்றுதான் சொல்வேன். முதல் கூட்டத்தார் அதைப் பிடித்துக்கொண்டு மொத்த எலெக்ட்ரானிக் இசையையும் தூற்றக் கிளம்பியதுதான் அயோக்கியத்தனம்.

கணினியை வைத்துக்கொண்டே இதற்கு மாற்றுத் தேடியவர்களும் உண்டு. 2004இல் தொடங்கிய டாப்லாப் என்ற குழு, வாசிப்பவர் தன் திரையைக் கூட்டத்துக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று அறிக்கை விட்டது. கண்ணெதிரே நிரல் எழுதுகிறார்கள், தப்பு வருகிறது, சத்தம் நின்றுபோகிறது, திருத்துகிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. ஆனால் டெட்ராய்ட்டின் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழுவோ முகத்தையே மூடிக்கொண்டு நின்றது. மூஞ்சியை விற்கமாட்டோம், சத்தத்தைக் கேளு என்றது. ஒருத்தர் திரையைத் திறக்கிறார், ஒருத்தர் முகத்தை மூடுகிறார். மேடையில் மேதையைக் கும்பிடுவதை இருவருமே உடைக்கிறார்கள்.

அதே டெட்ராய்ட்டில் 2000ஆம் ஆண்டு மே மாதம், ஹார்ட் பிளாசாவில் ஆற்றங்கரையோரம் முதல் எலெக்ட்ரானிக் இசை விழா நடந்தது. கலை இயக்குநர் கார்ல் கிரெய்க். அனுமதி இலவசம். கைக்குழந்தையோடு வந்தவர்கள், தாத்தா பாட்டிகள் எல்லோரும் ஆடினார்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன்பாகவே கிரெய்க்கை நீக்கினார்கள். 2005இல் நுழைவுக் கட்டணம் வந்தது. பெர்லின் டெக்னோவை 2024இல் ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்த நகரத்துக்கு இசைத்தட்டு அனுப்பிய டெட்ராய்ட்டைப் பற்றி ஊர் உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பம்பாயில் சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982லேயே 808, 303 இரண்டையும் வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டாக வெளியிட்டார். 'ஆசிட் டிராக்ஸ்' வருவதற்கு ஐந்து வருடம் முன்பு. எந்திரங்கள் அதேதான், ஒலியும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நாலு தடவை போட்டுப்பார்க்க இங்கே ஒரு ஹார்டி இல்லை, முதல் மூணு தடவை முறைப்பதற்கு ஒரு கூட்டமும் இல்லை. விற்காமல் மூலையில் கிடந்த அந்தத் தட்டு 2010இல்தான் மறுபதிப்பாகி வந்தது.