ஆபரேட்டர் தலையில் விழும் பழி

நிலவுடைமையைக் காட்டும் கணினிச் சிட்டாவில் பெயர் விடுபட்டுப்போனவர் புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ தாலுகா அலுவலகப் படியேறினால், பெரும்பாலும் காதில் விழுவது "ஆபரேட்டர் தப்பா அடிச்சிட்டார்" என்பதுதான். அறை நிறைய இயந்திரம் நின்ற மெயின்ஃப்ரேம் காலத்துத் தரவு இழப்புகளுக்கும் இதே காரணம்தான் சொல்லப்படுகிறது: யாரோ ஒருவர் நாடாவை மாற்றி மாட்டினார், எல்லாம் அழிந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. கை தவறுவது இயல்பு. அந்தத் தவறு மீட்க முடியாத இழப்பாவது, அதற்கு மேலே எடுக்கப்பட்ட முடிவுகளால்.

ஆபரேட்டர் தவறவே மாட்டார் என்று நம்பி அந்தக் காலத்துப் பொறியாளர்கள் இயந்திரம் செய்யவில்லை. காந்த நாடாச் சுருளின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருத்தினால்தான் அதில் எழுத முடியும். வளையம் இல்லாவிட்டால் படிக்க மட்டுமே முடியும். மறந்துபோனாலும் நாடா பிழைக்கும்படியான ஏற்பாடு அது. தரவு பதியும் 80 பத்தி அட்டைகளில் ஒருவர் துளையிட்டதை, இன்னொருவர் அதே தாளைப் பார்த்துச் சரிபார்ப்பு இயந்திரத்தில் மறுபடி அடிப்பார். எழுத்து மாறினால் இயந்திரம் நின்றுவிடும்; முழுதும் ஒத்துப்போன அட்டையின் வலது ஓரத்தில் சிறு வெட்டு விழும். அட்டைக் கட்டை அடுக்கி ஓரத்தைப் பார்த்தாலே சரிபார்க்காத அட்டை தனித்துத் தெரியும்.

இந்த ஏற்பாடுகளையும் மீறி அழித்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருந்திருப்பார்கள். 1973-ல் சென்னை ஐஐடிக்கு வந்த 370/155 உள்ளிட்ட ஐபிஎம் குடும்பத்து இயந்திரங்களில், காலாவதி தேதி வராத நாடாவில் எழுத முயன்றால் கன்சோல் கேள்வி கேட்கும். 'யூ' என்று அடித்தால் அதன்மேலேயே எழுதும். 'எம்' என்றால் வேறு நாடா கேட்கும். அவசரத்தில் 'யூ' அடித்தவருக்குப் பொறுப்பு உண்டுதான். ஆனால் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை நாடாக்களை வைத்திருப்பது அன்றே வழக்கத்தில் இருந்தது. மகன் அழிந்தால் அப்பாவையும் அன்றைய அட்டைகளையும் கொண்டு மீண்டும் உருவாக்கிவிடலாம். முந்தைய நாடாவே இல்லாமல் போனதென்றால், அதை வைக்க வேண்டாம் என்று விட்டது நிர்வாகம். 1969-ன் அப்பல்லோ 11 மூல நாடாக்களைத் தேடிய நாசா, 2009-ல் வந்த முடிவு இது: நாடாத் தட்டுப்பாட்டில் அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அங்கே யார் கையும் தவறவில்லை. நடைமுறைப்படியே அழிந்தன.

நம் சிட்டாவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் யூ.டி.ஆர். என்னும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணி 1979 முதல் 1987 வரை நடந்தது. அதன் நடுவே, 1980-ல், கிராமக் கணக்குப்பிள்ளைப் பதவிகளும் ஒழிக்கப்பட்டன. தாலுகா அலுவலகத்துக்குக் கணினி வந்தது அதற்கெல்லாம் பிறகு. 'யூ.டி.ஆர். பிழை' என்று வருவாய்த் துறையே தனி வகையாக ஏற்று, அதைத் திருத்த வழியும் வைத்திருக்கிறது. அப்படியானால் பல பிழைகள் காகிதத்திலேயே பிறந்தவை. ஆபரேட்டர் இருந்ததை இருந்தபடி அடித்திருக்கிறார். தட்டச்சில் நேர்ந்த பிழையும் உண்டு, மறுக்கவில்லை. எது எது என்று பிரித்தறியப் பழைய பதிவேடு வேண்டும். 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டைப் பகுதியில் நிலத்தின் வரலாறு சமஸ்தானக் காகிதங்கள் வரை பின்னோக்கிப் போகும். கணினியில் ஏறிவிட்டது என்ற தைரியத்தில் அவற்றைக் கரையானுக்கு விடுவது, தாத்தா நாடாவை அழிப்பதேதான். ஆகவே மனுவோடு வருபவரிடம் ஆபரேட்டர் மேல் கை காட்டுமுன், கிராம நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் அதற்கு முந்தைய பதிவேட்டையும் அவர் முன்னால் விரித்து, பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.