மஞ்சள் வரியும் வாராக்கடனும்

பி.காம் படித்த வங்கிக்காரனுக்கு எக்ஸ்எம்எல்லோடு என்ன வேலை என்று கேட்காதீங்க மக்களே. ஆர்டிஜிஎஸ் செய்திகள் 2013-லிருந்து எக்ஸ்எம்எல்தான். யுபிஐயும் அதேதான். எங்கள் உலை கொதிப்பதே அதில்தான்.

மேட்டருக்கு வருவோம். சர்வரிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பை எடுத்துக் காட்டும் பழைய பக்கம் ஏதாவது இருந்தால், க்ரோமில் திறந்து எஃப்12 தட்டி கன்சோலைப் பாருங்கள். சிங்க்ரனஸ் எக்ஸ்எம்எல்எச்டிடிபிரெக்வெஸ்ட் கைவிடப்பட்ட முறை என்று மஞ்சளாக ஒரு வரி நிற்கும். நிரலில் ஓப்பன் என்ற கட்டளைக்கு மூன்றாவதாக ஃபால்ஸ் என்று கொடுத்திருப்பார்கள். அதாவது, கோப்பு வரும்வரை பக்கமே மூச்சு விடாமல் நிற்கணும். பென்ஷன் வாங்க வந்த பெரியவர் கவுண்ட்டருக்கு வெளியே, உறைந்த திரையோடு நான் உள்ளே.

இதைச் சரிசெய்யச் சொன்னால் இங்கே திருவனந்தபுரத்தில் ஒரு புண்ணியவான் (பெயர் வேண்டாம்) என்ன செய்தார் தெரியுமா? கன்சோலில் 'வார்னிங்' என்ற டிக்கை எடுத்துவிட்டார். "சாரமில்லா சாரே, வெறும் வார்னிங் அல்லே!" சாரமில்லா என்றால் மலையாளத்தில் பரவாயில்லை. தமிழில் படித்தாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அவர் வாதம்: 2014-லிருந்து மிரட்டுகிறார்கள், இன்னும் ஓடத்தானே செய்கிறது? ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 2020-ல் க்ரோம் 80 வந்தபோது, பக்கத்தை மூடும் நேரத்தில் இப்படிக் கேட்பதை அடியோடு தடுத்துவிட்டார்கள். மூடும்போது சேமிக்கும் பக்கங்கள் எல்லாம் மாட்டிக்கொண்டன. ஆக்டிவ்எக்ஸ் வைத்து எக்ஸ்எம்எல் படித்தவர்களும் இதே வசனம்தான் பேசினார்கள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு ஐடி@ஸ்கூல் லினக்ஸைக் கொண்டுவந்த பிறகும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும் பக்கங்களைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கடையை மூடியது. அடுத்தது எக்ஸ்எஸ்எல்டி. உலாவிக்குள்ளேயே எக்ஸ்எம்எல்லுக்கு உடை மாட்டிவிடும் அந்த வசதியை 2026 நவம்பரில் எடுக்கப்போவதாக 2025-லேயே க்ரோம் அறிவித்துவிட்டது. அதற்கும் மஞ்சள் வரி உண்டு. டிக்கை எடுத்தவருக்கு அதுவும் தெரியாது!

கடனில் தவணை ஒரு நாள் தவறினாலே எங்கள் கணக்கில் எஸ்எம்ஏ-0 என்று விழும். 30 நாள் தாண்டினால் 1, 60 தாண்டினால் 2, 90 தாண்டினால் வாராக்கடன். எஸ்எம்ஏ பட்டியலை மறைத்துவைக்கும் மேனேஜரை ஆடிட்டர் சும்மா விடுவாரா? மென்பொருள்காரருக்கு மட்டும் அந்தச் சலுகை எதற்கு?

இத்தனைக்கும் வைத்தியம் பெரிதில்லை. ஃபால்ஸை ட்ரூ ஆக்கி, அடுத்த வரியில் இருந்த வேலையை ஆன்லோடுக்குள் நகர்த்தணும். நகர்த்தாமல் ட்ரூ மட்டும் போட்டால் வெற்றுத் தாளைத்தான் படிப்பீர்கள். இல்லையா, ஃபெட்ச் கொண்டு உரையாக வாங்கி டாம்பார்சரிடம் கொடுங்கள். ஒரு சின்னப் பக்கத்துக்கு அரை நாள் வேலை. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வருஷா வருஷம் பில் மட்டும் தவறாமல் வருகிறதே சாரே!

டிஸ்கி: மாற்றிய பிறகும் ரெஸ்பான்ஸ்எக்ஸ்எம்எல் 'நல்' என்று வந்தால் உலாவியைத் திட்டாதீர்கள். சர்வர் அந்தக் கோப்பை எக்ஸ்எம்எல் என்று சொல்லி அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள்.