முன்பதிவேடு யார் கையில்?

பல் மருத்துவர், தணிக்கையாளர், அழகு நிலையம் நடத்துவோர் எனத் திருவனந்தபுரத்தில் தொழில் புரியும் நம் வாடிக்கையாளர்கள் பலர் இப்போது சந்திப்பு நேரத்தை இணைய வழியாகவே ஒதுக்குகின்றனர். அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டையே கேரளத்தின் இ-ஹெல்த் தளத்தில் முன்கூட்டிப் பெற இயலும் காலத்தில் இது வியப்பன்று. ஆனால், மென்பொருளுக்கு மாதச் சந்தா எவ்வளவு என்று விசாரிப்பவர்கள், அப்பதிவேடு யாருடைய பொறுப்பில் இருக்கும் என்று விசாரிப்பதில்லை. அதையே முதலில் கேட்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

பெயர், கைபேசி எண், வரும் நாள், நேரம், வரும் காரணம் ஆகிய யாவும் அதில் உள்ளன. "நாளை பத்து மணிக்குத் தங்களுக்கு மருத்துவரிடம் நேரம் உள்ளதல்லவா? உறுதி செய்ய ஐந்து ரூபாய் செலுத்துங்கள்" என்று ஓர் அழைப்பு வந்தால் எவரும் நம்பிவிடுவர். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவனை ஐயுற மக்கள் ஒருவாறு கற்றுவிட்டனர். மருத்துவமனையின் பெயரால் பேசுபவனை ஐயுற இன்னும் கற்கவில்லை. அத்தகைய அழைப்பின் முடிவில் பணம் இழந்தவர் வந்து நிற்பது எம் மேசை முன்னால்தான்.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திரட்டியவரையே பொறுப்பாளியாக்குகிறது; வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு நீங்காது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை செல்லக்கூடும். தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாருக்கு அளிக்கும் வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கி 2023இல் இதே கொள்கையைத்தான் விதித்தது.

ஆகவே, திறந்த மூல மென்பொருளைச் சொந்தப் பொறுப்பில் நிறுவிக்கொள்ளும் வழி எண்ணிப் பார்க்கத்தக்கது. ஈஸி அப்பாயிண்ட்மென்ட்ஸ் போன்றவை உரிமக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன; பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் இயங்கும் சாதாரண வாடகைச் சர்வரே போதும். வாடகைச் சர்வரும் பிறருடையதுதானே எனலாம். உண்மைதான், ஆயினும் பதிவுகளை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லும் உரிமை தங்களிடமே இருக்கும். சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகளும் போய்விடுமோ என்ற அச்சம் இல்லை.

இவ்வழிக்கு இந்நகரைவிட ஏற்ற ஊர் அரிது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் இங்கேதான் தொடங்கப்பட்டது. இத்துறைக்கெனக் கேரள அரசு நிறுவிய ஐசிஃபாஸ் மையமும் இங்கேயே உள்ளது. அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் கணினியிலேயே பயின்று வளர்ந்த தலைமுறை இன்று வேலைக்கு வந்துவிட்டது. நிறுவித் தரவும் பழுது பார்க்கவும் ஆள் கிடைப்பது கடினமன்று.

எனினும் 'இலவசம்' என்ற சொல்லை நம்பி இறங்க வேண்டாம். சர்வர் வாடகை, நினைவூட்டும் குறுஞ்செய்திக்கான கட்டணம், அதற்கு டிஎல்டி பதிவு, தொழில்நுட்பருக்கான ஊதியம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் சில வேளை சந்தாவே மலிவாக இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்க்காது ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்த சொந்தச் சர்வர், சந்தா சேவையைவிட ஆபத்தானது. பூட்டாத பெட்டகம் நம் வீட்டிலேயே இருந்தென்ன பயன்? கூட்டத்தைத் தாங்கும் திறனும் வேண்டும்: 2020 மே மாதம் கேரளத்தில் மதுக்கடை வரிசைக்கென வந்த பெவ்க்யூ செயலி, முதல் நாட்களில் பலருக்குக் கடவுஎண்ணே அனுப்ப இயலாமல் திணறியது நினைவிருக்கலாம்.

மாதம் ஒருமுறையேனும் திருத்தங்களைச் சேர்த்து, காப்பு நகலை வேறிடத்தில் வைத்து, அந்நகலிலிருந்து பதிவேட்டை மீட்டுக் காட்டவும் ஒருவர் இருந்தால் சொந்த நிறுவலையே தேர்ந்தெடுங்கள். அவ்வாறு ஒருவர் இல்லையேல் சந்தா சேவையே போதும். பதிவுகளை முழுமையாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டா என்பதைப் பணம் செலுத்துமுன் சோதித்துக்கொள்ளுங்கள். வருகையின் காரணத்தைக் கேட்கும் கட்டத்தை இரண்டிலுமே நீக்கிவிடலாம். நாளொன்றுக்குப் பத்துப் பேரே வரும் இடமாயின், மேசை மீதுள்ள கோடிட்ட நோட்டுப் புத்தகத்தை மாற்ற இப்போதைக்கு அவசரம் ஏதுமில்லை.